ஸ்நோவை யார் அள்ளுவது? பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் முன்னால் உள்ள வழிகள்

ஒக்டோபர் முடியும்போது கனடாவின் ஒன்ராறியோவில் வீட்டுக்காரர்களுக்கு வரும் கேள்வி இது: இந்த முறை ஸ்நோவை, அதாவது வாசலில் விழும் பனியை, யார் அள்ளுவது? நாங்களே அள்ளுவதா, கீழே இருக்கிறவர்களிடம் விடுவதா, ஒரு கொம்பனியைப் பிடிப்பதா, பக்கத்து வீட்டுப் பெடியனுக்குக் காசு கொடுப்பதா? பெரும்பாலும் காசையும் நாரிப்பிடிப்பையும் கணக்குப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம். யாராவது வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் யார் பதில் சொல்வது என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ப்டன் பக்கம் எங்கள் ஆட்களின் பல வீடுகளில் பேஸ்மென்ற்றில் (வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில்) இன்னொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்களுக்குத்தான் இந்த முடிவு மற்றவர்களைவிடச் சிக்கலானது.

முதலில் சட்டம். இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின் பொறுப்பைச் சொல்லும் 'ஒக்கியுப்பயர்ஸ் லயபிலிற்றி அக்ட்' ஒன்ராறியோவில் உண்டு. வளவுக்குள் வருகிறவர்கள் ஓரளவு பாதுகாப்பாக வந்து போக, எல்லாச் சூழ்நிலையையும் பார்த்து நியாயமான கவனம் எடுக்கவேண்டும் என்பதே அதன் சாரம். விருந்தாளி மட்டுமில்லை, தபால்காரர், சாப்பாடு கொண்டு வருகிறவர், வாடகைக்கு இருப்பவர், அவரைப் பார்க்க வரும் மாமி எல்லாரும் அதற்குள் அடக்கம். ஒரே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொறுப்பாளிகள் இருக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பராமரிப்பு வீட்டுக்காரர் தலையில் இருக்கும் வாடகை வீட்டில், அவர் அங்கே குடியிராவிட்டாலும் அதே கடமை அவருக்கு உண்டு.

'நியாயமான கவனம்' என்றால் இருபத்துநாலு மணி நேரமும் வாசலில் காவல் நிற்பது என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஸ்நோ கொட்டிக்கொண்டிருக்கும்போதே பாதை கறுப்பாகத் தெரியவேண்டும் என்றும் இல்லை. வழக்கு என்று வந்தால் கேட்கப்படுவது சாதாரணமான விஷயங்கள். இந்த வீட்டில் ஸ்நோவுக்கும் ஐஸுக்கும் ஒரு ஒழுங்கு இருந்ததா? அன்றைக்கு அந்த ஒழுங்கின்படி வேலை நடந்ததா? அதைக் காட்ட ஏதாவது இருக்கிறதா? விழுந்தவர் என்ன சப்பாத்துப் போட்டிருந்தார், எங்கே பார்த்துக்கொண்டு நடந்தார் என்பதும் பார்க்கப்படும். அவர் பக்கப் பிழைக்கு ஏற்ப நட்டஈடு குறையும்.

வீட்டுக்கு முன்னால் போகும் மாநகரசபை நடைபாதையின் கதை வேறு. அங்கே ஐஸில் ஒருவர் விழுந்தால் வீட்டுக்காரர் பொதுவாக நட்டஈட்டுக்குப் பொறுப்பில்லை என்று 2000ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அள்ளாமல் விட்டால் நகரசபை விதிப்படி தண்டம் வரலாம், அது தனி விஷயம். ஆனால் உங்கள் வளவிலிருந்து தண்ணீர் வழிந்து போய் நடைபாதையில் உறைந்து, அதில் ஒருவர் விழுந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அந்தத் தீர்ப்பே அந்த விலக்கையும் சொல்கிறது.

தண்ணீர் என்று வந்தபடியால், ஆபத்தான இடத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்வாசலும் ட்ரைவ்வேயும் (கார் விடும் பாதையும்) கண்ணுக்குத் தெரியும், அதை எல்லாரும் அள்ளுவார்கள். பேஸ்மென்ற் ஆட்கள் வந்து போவது வீட்டின் பக்கத்துக் கதவால். இரண்டு வீடுகளுக்கு நடுவே நாலடி அகலத்தில் போகும் சீமெந்துப் பாதை, வெயில் படாத இடம். கூரைப் பீலியின் குழாய் பல வீடுகளில் அந்தப் பாதையிலேயே வந்து முடிகிறது. பெப்ரவரியில் ஒரு நாள் மத்தியானம் வெப்பநிலை இரண்டு பாகைக்கு ஏறும். கூரையில் கிடக்கும் ஸ்நோ உருகிப் பீலியால் இறங்கிப் பாதையில் பரவும். இரவு எட்டு மணிக்கு மைனஸ் ஆறு. ஸ்நோ ஒரு துளியும் விழாத நாளில், கண்ணாடித் தகடு மாதிரி ஒரு படலம் அங்கே படுத்திருக்கும். சீமெந்தின் நிறமே அதற்கும் என்பதால் பக்கத்தில் போகும்வரை தெரியாது. பின்னேர வேலை முடித்து வருகிற பிள்ளை இருட்டில் அதிலேதான் கால் வைக்கிறாள்.

கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தப் பக்கப் பாதையை வைத்தே அளந்து பாருங்கள். ஸ்நோவை அள்ளுவது யார் என்பதற்கு எல்லாரிடமும் பதில் இருக்கிறது. ஸ்நோ விழாத இரவில் அந்த ஐஸைப் பார்ப்பது யார் என்பதற்குத்தான் பதில் இருப்பதில்லை.

வாடகைக்கு இருப்பவரிடம் விடுவது

எங்கள் ஆட்களிடம் அதிகம் நடப்பது இதுதான். 'கீழே இருக்கிற தம்பி அள்ளுவார், வாடகையில் ஐம்பது குறைச்சுத்தான் குடுத்தனான்' என்பார்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்கும்: பாதையையும் படியையும் துப்புரவாக வைத்திருப்பது வாடகையாளர் பொறுப்பு. இரு பக்கமும் கையெழுத்து வைத்தாயிற்று, இனி ஒன்றும் எங்கள் தலையில் இல்லை என்று நினைக்கிறார்கள்.

அந்த வரியை நம்பவேண்டாம். ஒன்ராறியோவில் வாடகை வீட்டைப் பராமரிப்பது வீட்டுக்காரரின் கடமை. குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பொதுவாகப் பாவிக்கும் வெளிப்பகுதிகளில் ஆபத்தான ஸ்நோவும் ஐஸும் சேராமல் அகற்றவேண்டும் என்று அதன் கீழுள்ள பராமரிப்பு விதிகளிலும் இருக்கிறது. சட்டத்துக்கு முரணான வரியை வாடகை ஒப்பந்தத்தில் எழுதினாலும் அது செல்லாது. 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கு அப்படியே எங்கள் வீட்டுக் கதைதான். பேஸ்மென்ற்றில் இருந்தவர் வெளிப் பாதையில் ஐஸில் விழுந்தார். ஸ்நோ அள்ளுவது வாடகைக்கு இருப்பவர்களின் வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த வரியைக் காட்டி வீட்டுக்காரர் தப்ப முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. யோசித்துப் பாருங்கள், அள்ள ஒப்புக்கொண்டவரே விழுந்திருக்கிறார், அப்போதும் அந்த வரி உதவவில்லை.

வாடகைக்கு இருப்பவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவே கூடாது என்று அந்தத் தீர்ப்புச் சொல்லவில்லை. கொடுக்கலாம். ஆனால் அது வாடகையிலிருந்து பிரிந்து தனியாக நிற்கக்கூடிய ஒப்பந்தமாக இருக்கவேண்டும்: என்ன வேலை, எப்போது செய்வது, எவ்வளவு கூலி என்று எழுதி, வாடகையோடு முடிச்சுப் போடாமல் காசு கொடுப்பது. அப்படி எழுதினாலும் வெளியாள் விழுந்தால் உங்கள் பெயர் வழக்கில் வரும். அந்தத் தம்பிக்கு இந்த வேலைக்கான காப்புறுதி இருக்காது. அவர் விடுமுறைக்கு ஊருக்குப் போனால், இரவு வேலைக்கு மாறினால், சுகமில்லாமல் படுத்தால் என்ன நடக்கும் என்பதையும் எழுதவேண்டும். இவ்வளவும் எழுதி முடிக்கும்போது ஐம்பது டொலர் லாபம் போய்விடும்.

முழு வீட்டையும் ஒரே குடும்பத்துக்கு விட்டு, அவர்கள் மட்டுமே பாவிக்கும் பாதை என்றால் சட்டம் கொஞ்சம் வேறு விதமாகப் பார்க்கக்கூடும். அப்படியான வீடென்றால் ஒப்பந்தம் எழுதும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். மேலே நீங்கள், கீழே அவர்கள், நடுவே பொதுப் பாதை என்றால் இந்த வழி வேண்டாம் என்பதே என் கருத்து. காசு ஒரு பக்கம் இருக்கட்டும், வாடகைக்கு வந்த ஒரு மாணவனோ புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பமோ, வீடு போய்விடும் என்ற பயத்தில் இதற்கெல்லாம் தலையாட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

கொம்பனியைப் பிடிப்பது

சட்டத்தைப் பொறுத்தவரை வீட்டுக்காரருக்குப் பலமான வழி இது. காரணம், முதலில் சொன்ன 'ஒக்கியுப்பயர்ஸ் லயபிலிற்றி அக்ட்' என்ற பொறுப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. வேலையை ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தது நியாயம், அவர் தகுதியான ஆள்தானா என்று பார்த்தீர்கள், வேலை சரியாக நடக்கிறதா என்றும் கவனித்தீர்கள் என்றால், அவருடைய கவனக்குறைவுக்கு நீங்கள் பொறுப்பில்லை. மூன்றும் சேர்ந்து இருக்கவேண்டும். ஆளைப் பிடித்துக் காசைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தால் மூன்றாவது இல்லாமல் போகும்.

எனவே அச்சடித்த விளம்பரத் துண்டைப் பார்த்து இலக்கத்துக்கு அழைப்பதோடு விடாதீர்கள். பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டு அதன் சான்றிதழை வாங்குங்கள். வாங்கி, அதில் ஸ்நோ அகற்றும் வேலை உட்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புல் வெட்டும் வேலைக்கு எடுத்த காப்புறுதியோடு ஸ்நோ தள்ளுகிற ஆட்களும் இருக்கிறார்கள். சான்றிதழைக் காட்ட இழுத்தடிக்கிறவரை விட்டுவிடுங்கள், அவர் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் சரி.

அடுத்தது ஒப்பந்தத்தின் சின்ன எழுத்து. வழக்கமாக வீட்டு ஒப்பந்தங்களில் ஒரு அளவு போட்டிருப்பார்கள்: ஐந்து சென்ரிமீற்றர் ஸ்நோ விழுந்தால் வருவோம். நாலு சென்ரிமீற்றர் விழுந்தால் வரமாட்டார்கள். உறைமழை பெய்து எல்லாம் ஐஸாகிப்போனாலும் அளவுப்படி ஸ்நோ விழவில்லை என்று வராமல் இருக்கலாம். உப்புப் போடுவது பல ஒப்பந்தங்களில் தனிக் காசு, அல்லது இல்லவே இல்லை. ட்ரைவ்வே மட்டும் தள்ளுவதற்கு ஒரு விலை, நடைவழிக்கும் படிக்கும் இன்னொரு விலை. நான் மேலே சொன்ன பக்கப் பாதை அந்த விலைக்குள் வருகிறதா என்று கேட்டே ஆகவேண்டும். வண்டியில் வருகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. பாதையைக் கீறிக் காட்டி ஒப்பந்தத்தோடு சேர்த்துவிட்டால் பிறகு சண்டை இல்லை.

ஆகவே கொம்பனி ஸ்நோவுக்கு நல்ல விடை, ஐஸுக்குப் பாதி விடை. மீதியை நீங்களோ உங்கள் ஆளோ பார்க்கவேண்டும்.

நாங்களே அள்ளுவது

மேலேயே குடியிருக்கிறவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். காலையில் வேலைக்குப் போகுமுன், பின்னேரம் வந்தபின், படுக்குமுன் என்று மூன்று தரம் வாசலைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். மத்தியானம் உருகி இரவில் உறைவதைப் பிடிக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. குறை என்னவென்றால் செய்ததைக் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து, 'ஜனவரி பதினெட்டாம் திகதி பின்னேரம் பாதை எப்படி இருந்தது?' என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அள்ளி முடித்ததும் போனில் ஒரு படம் எடுங்கள், திகதியும் நேரமும் அதிலேயே பதியும். உப்புப் போட்டால் கதவுக்குப் பின்னால் தொங்கும் கலண்டரில் ஒரு கோடு. உப்பு வாங்கிய ரசீதை எறியாதீர்கள். இவ்வளவு போதும்.

உப்பிலும் கவனிக்க ஒன்று இருக்கிறது. மலிவான பாறை உப்பு மைனஸ் பத்துப் பாகைக்குக் கிட்டப் போனதும் சோர்ந்துவிடும். மைனஸ் பதினெட்டில் அதை அள்ளிக் கொட்டினாலும் ஐஸ் அப்படியே கிடக்கும், உப்புத்தான் வீணாகும். மைனஸ் பத்துக்குக் கீழே கல்சியம் குளோரைட் கலந்ததை வாங்கவேண்டும், விலை கூட. கடும் குளிரில் மணல் தூவினால் ஐஸ் உருகாது, ஆனால் கால் பிடிக்கும். புதிதாகப் போட்ட சீமெந்துப் படி என்றால் முதல் குளிர்காலத்தில் உப்பைத் தவிர்த்து மணலோடு நில்லுங்கள், இல்லாவிட்டால் மேற்பரப்பு உரிந்து வந்துவிடும். ஸ்நோவை முதலில் அள்ளிவிட்டு மீதிப் படலத்துக்குத்தான் உப்பு. போட்டது எல்லாம் கடைசியில் ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது.

வயதையும் உடம்பையும் பார்க்கவேண்டும். கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2017இல் வெளிவந்தது. கடும் ஸ்நோ விழுந்ததற்கு அடுத்த நாள் ஆண்களிடம் மாரடைப்புக் கூடுவதை அது காட்டியது. அறுபதைத் தாண்டிய, சர்க்கரையும் பிரஷரும் உள்ள அப்பா விடியக்காலை ஐந்து மணிக்கு, வெறும் வயிற்றில், ஈர ஸ்நோவை ஷவலில் தூக்கி எறிவதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். அந்த வீட்டில் கொம்பனிக்குக் கொடுக்கும் காசு செலவே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெடியன்

காப்புறுதி இல்லை, ஒப்பந்தம் இல்லை, பரீட்சை வந்தால் ஆள் இல்லை. நல்ல பிள்ளை என்றால் நீங்கள் அள்ளும்போது உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், காசும் கொடுங்கள். பொறுப்பை அவனிடம் கொடுத்ததாக நினைக்காதீர்கள்.

இனி என் தெரிவைச் சொல்கிறேன். நீங்கள் மேலே குடியிருந்து உடம்பும் இடம் கொடுத்தால் நீங்களே அள்ளுங்கள், படத்தோடும் கலண்டரோடும். வேலை நேரம் ஒத்துவராவிட்டால் ட்ரைவ்வேயையும் முன்பக்கத்தையும் கொம்பனியிடம் விட்டு, பக்கப் பாதையையும் படியையும் உங்கள் கையில் வைத்திருங்கள். காசுக்கும் பாதுகாப்புக்கும் ஒத்துவருவது இந்தக் கலப்பு வழிதான் என்று நினைக்கிறேன். முதலீட்டுக்காக வாங்கி நீங்கள் வேறு ஊரில் இருக்கும் வீடு என்றால் கொம்பனியைத் தவிர வேறு வழியே இல்லை, அதுவும் உப்புப் போடுவதையும் பக்கப் பாதையையும் சேர்த்த முழு ஒப்பந்தம். மாதம் ஓரிரு தரமாவது நேரில் போய்ப் பாருங்கள், வாடகைக்கு இருப்பவரிடம் 'ஐஸ் கண்டால் உடனே படம் எடுத்து அனுப்புங்கோ' என்று சொல்லி வையுங்கள். அனுப்பினால் அன்றைக்கே ஏதாவது செய்யவேண்டும். படம் வந்தும் சும்மா இருந்தது படம் வராமல் இருந்ததைவிட மோசம். கொண்டோ ரவுன்ஹவுஸ் (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரிசையாக உள்ள வீடு) என்றால் பொது இடம் கொண்டோ நிர்வாகத்தின் பொறுப்பு. உங்கள் படி அதற்குள் வருகிறதா என்பது கொண்டோப் பத்திரங்களில் இருக்கும்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் ஸ்நோவுக்கு முன் பீலிக் குழாயைத் திருப்பிவிடுங்கள். குழாய்க்கு ஒரு நீட்டம் பூட்டிப் புல்வெளிப் பக்கம் விட்டால் அந்தக் கண்ணாடிப் படலம் பெருமளவு இல்லாமல் போகும். ஹார்ட்வெயர் கடையில் அதற்குப் பெரிய காசு இல்லை. பக்கக் கதவுக்கு மேலே அசைவு கண்டு எரியும் விளக்கு ஒன்றும், படிக்கு ஒரு கைபிடியும் போடுங்கள்.

காப்புறுதிக் கொம்பனிக்குப் பேஸ்மென்ற்றில் ஆட்கள் இருப்பதைச் சொல்லியிருக்கிறீர்களா? பிரீமியம் கூடும் என்று சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. விழுந்தவர் வழக்குப் போட்டால் உங்களுக்காகச் சட்டத்தரணி வைப்பதும் நட்டஈடு கட்டுவதும் அந்தக் காப்புறுதிதான். வாடகைக்கு விட்டதை மறைத்திருந்தால் அவர்கள் கைவிரிக்க இடம் இருக்கிறது. பத்திரத்தில் பொறுப்புக்கான தொகை எவ்வளவு என்றும் பாருங்கள், ஒரு மில்லியன், இரண்டு மில்லியன் என்று போட்டிருக்கும். இரண்டுக்கும் பிரீமிய வித்தியாசம் பலர் நினைப்பதைவிடக் குறைவு.

கடைசியாக நாட்கணக்கு. அதே பொறுப்புச் சட்டப்படி 2021 ஜனவரி 29 முதல், தனியார் வளவில் ஸ்நோவிலோ ஐஸிலோ விழுந்தவர் வழக்குப் போடவேண்டுமானால், விழுந்து 60 நாட்களுக்குள் திகதி, நேரம், இடம் எழுதிய அறிவித்தலை வீட்டுக்காரருக்கோ ஸ்நோ அகற்றும் ஒப்பந்தக்காரருக்கோ நேரில் அல்லது பதிவுத் தபாலில் கொடுக்கவேண்டும். மரணம் நிகழ்ந்தால் இது தடையில்லை. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்து, எதிர்த்தரப்புக்கு அதனால் பாதிப்பும் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம் இருக்கிறது என்று ஆறுதலாக இருந்தவர்கள் இந்த 60 நாளில் தவறிப்போகிறார்கள். மாநகரசபை நடைபாதை என்றால் இன்னும் குறைவு, பத்து நாள், அங்கே சபையின் பாரதூரமான கவனக்குறைவையும் காட்டவேண்டும். உங்கள் வீட்டில் யாராவது வேறிடத்தில் விழுந்தாலும் இதே கணக்குத்தான், ஆஸ்பத்திரியில் இருந்தபடியே நாளை எண்ணத் தொடங்குங்கள்.

உங்களுக்கு அப்படி ஒரு பதிவுத் தபால் வந்தால் மேசையில் போட்டுவைக்கவேண்டாம். அன்றைக்கே காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லுங்கள். ஸ்நோ கொம்பனி வைத்திருந்தால் அதன் பிரதியை அவர்களுக்கும் நேரிலோ பதிவுத் தபாலிலோ கொடுப்பது உங்கள் கடமை, அதே சட்டம் அதையும் சொல்கிறது. விழுந்தவர் உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்றால் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள், மருந்து வாங்கிக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். யார் பிழை, எவ்வளவு காசு என்ற கதையை மட்டும் காப்புறுதிக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

கொம்பனி பிடிக்கப் போகிறவர்கள் செப்ரெம்பரிலேயே கேட்கத் தொடங்குங்கள். சான்றிதழும் ஒழுங்கும் உள்ளவர்களின் பட்டியல் முதல் ஸ்நோ விழுவதற்கு முன்பே நிரம்பிவிடும், டிசம்பரில் தொலைபேசியை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள்.